மரங்கள் நின்றன, காட்டின் வேலையும் நின்றது: அமேசான் காட்டுத் திட்டுகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்த நிகழ்வு

காடு அழிந்தால் உயிரினங்கள் அழியும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அதற்கு அடுத்த கேள்விதான் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிறது. ஓர் இனம் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டது, சரி. அது அங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலை என்ன ஆனது? வேறு ஏதாவது ஓர் இனம் அதை எடுத்துச் செய்கிறதா, இல்லை அப்படியே கிடக்கிறதா?

இதற்கு விடை சொல்வது கடினம். காட்டை வெட்டிய பிறகுதான் ஆய்வுக்குப் போகிறோம் என்பதே காரணம். மிச்சமிருக்கும் துண்டில் இருப்பதை எண்ணிவிடலாம். முன்பு என்ன இருந்தது, என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும். பனாமா கால்வாய்க்காக ஏரி அமைத்தபோது, 1914-ஐ ஒட்டி, ஒரு மலைமுகடு நீர் சூழ்ந்து பாரோ கொலராடோ தீவானது. அந்தத் தீவில் நடந்த அளவுக்கு ஆய்வு நடந்த வெப்பமண்டலக் காடுகள் மிகக் குறைவு. ஆனால் அங்கேயும் தீவாவதற்கு முந்தைய முழுக் கணக்கு கிடையாது.

அந்தக் குறை இல்லாத ஒரு நிகழ்வைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். பிரேசிலின் மனௌஸ் நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், 1979-ல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் ஆய்வு அது. அங்கே மரம் வெட்டும் முன்பே ஆய்வாளர்கள் காட்டுக்குள் போய் எண்ணி வைத்திருந்தார்கள். அதில் பங்கெடுத்த விஞ்ஞானிகள், களப் பணியாளர்கள், பண்ணைக்காரர்கள் யார் பெயரையும் இங்கே சொல்லவில்லை. நடந்ததும், எடுத்த முடிவுகளும்தான் நமக்குத் தேவை.

பின்னணி

1970களின் நடுவில் இயற்கைப் பாதுகாப்புத் துறையில் சூடான விவாதம் ஒன்று நடந்தது. காக்கக் கிடைப்பது குறிப்பிட்ட பரப்புதான் என்றால், அதை ஒரே பெரிய காப்பகமாக வைப்பதா, பல சிறு காப்பகங்களாகப் பிரிப்பதா? பெரிய தீவில் அதிக இனங்கள் வாழும் என்னும் கடல் தீவுக் கோட்பாட்டை வைத்து, பெரியதே நல்லது என்று 1975-ல் ஒரு தரப்பு எழுதியது. அந்தக் கோட்பாட்டிலிருந்து அப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது என்று 1976-ல் மறுதரப்பு பதில் சொன்னது. இரண்டு பக்கமும் வாதம் இருந்தது. நேரில் பார்த்த தரவு இரண்டு பக்கமும் போதவில்லை.

அதே சமயத்தில் பிரேசில் அரசு மனௌஸ் சுற்றுவட்டாரத்தில் மாட்டுப் பண்ணை அமைப்பதற்குச் சலுகை கொடுத்து வந்தது. 1965-ன் வனச் சட்டப்படி, அமேசான் பகுதியில் நிலம் வைத்திருந்தவர் அதில் பாதியைக் காடாகவே விட்டுவைக்க வேண்டியிருந்தது. எந்தப் பாதி, எந்த வடிவில் என்பது பண்ணைக்காரரின் வசதிக்கு விடப்பட்டிருந்தது.

ஆய்வைத் திட்டமிட்டவர் வாய்ப்பைக் கண்டது இந்த இடத்தில்தான். எப்படியும் வெட்டப்போகிறார்கள், எப்படியும் பாதியை விடப்போகிறார்கள். விடுவதில் கொஞ்சத்தை நாம் சொல்லும் அளவில், சொல்லும் வடிவில் விட்டால் என்ன? மனௌஸில் உள்ள பிரேசிலின் தேசிய அமேசான் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று பெரிய பண்ணைகளோடு பேசினார்கள். பண்ணைக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆற்று வெள்ளம் ஏறாத மேட்டுநிலக் காடு அது. மண்ணில் சத்து மிகக் குறைவு. ஆண்டுக்கு 1,900 முதல் 3,500 மில்லிமீட்டர் வரை மழை. ஜூன் முதல் அக்டோபர் வரை ஓரளவு வறட்சி. விதானம், அதாவது மரமுடிகள் சேர்ந்து போடும் கூரை, 30 மீட்டருக்கு மேல். ஒரே ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், மார்பளவு உயரத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமுள்ள மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே 280 இனங்களைத் தாண்டும். இவ்வளவு வறிய மண்ணில் இவ்வளவு பெரிய காடு நிற்பது ஒரே ஒரு வழியில்தான். கீழே விழும் ஒவ்வோர் இலையும், கனியும், எச்சமும் வேகமாகச் சிதைந்து திரும்ப வேருக்குப் போக வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவர்கள் யார் என்பது பின்னால் வரும்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு: வெட்டுவதற்கு முன் கணக்கெடுப்பது. திட்டாக, அதாவது சுற்றிலும் வெட்டவெளி சூழ்ந்த தனிக் காட்டுத் துண்டாக, மாறப்போகும் இடங்களிலேயே மெல்லிய வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விட்டார்கள். மரங்களை அளந்து ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த தகடு மாட்டினார்கள். பின்னால் கிடைத்த எல்லாப் பாடங்களும் இந்த ஒரு முடிவிலிருந்துதான் வந்தன என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, அளவு. 1, 10, 100 ஹெக்டேர் என்று பத்துப் பத்து மடங்காகச் சதுரத் திட்டுகள். பரப்பு கூடக்கூட விளைவு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அருகிலிருந்த, துண்டாகாத தொடர்காட்டிலும் அதே அளவுகளில் இடம் குறித்து, ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, மாடுகள் உள்ளே வராமல் திட்டுகளைச் சுற்றி வேலி. மேய்ச்சலின் விளைவும் துண்டானதன் விளைவும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக.

1980 முதல் 1990 வரை மொத்தம் 11 திட்டுகள் பிரிக்கப்பட்டன: ஒரு ஹெக்டேரில் ஐந்து, பத்தில் நான்கு, நூறில் இரண்டு. திட்டமிட்டது இதைவிட அதிகம். அரசின் சலுகைகள் குறைந்ததும் பண்ணைக்காரர்களுக்கு மேற்கொண்டு வெட்டுவதில் ஆர்வம் போய்விட்டது. காட்டுக்கு அது நல்லதுதான். ஆய்வுக்கு மட்டும் பெரிய திட்டுகள் போதாமல் போயின.

முதல் மாதங்கள்: வலையில் கூட்டம்

ஒரு திட்டைச் சுற்றிக் காடு விழுந்ததும் உள்ளே வலையில் சிக்கும் பறவைகள் குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது நேர்மாறு. பிடிபடும் எண்ணிக்கை சட்டென்று ஏறியது. சுற்றிலும் வீடிழந்த பறவைகள் மிச்சமிருந்த ஒரே நிழலுக்குள் வந்து ஒண்டியிருந்தன.

அந்த வாரங்களில் ஒருவர் புதிதாக வந்து எண்ணியிருந்தால், "இந்தச் சிறு காட்டில் எவ்வளவு பறவைகள்!" என்று வியந்து அறிக்கை எழுதியிருப்பார். சில மாதங்களில் எண்ணிக்கை சரிந்தது; முன்பு இருந்ததற்கும் கீழே போனது. வந்தவற்றுக்கும் இடமில்லை, ஏற்கெனவே இருந்தவற்றுக்கும் இரை போதவில்லை. முன்கணக்கு இருந்ததால்தான் அந்த முதல் ஏற்றம் அகதிக் கூட்டம் என்று புரிந்தது.

இப்படி எண்ணிக்கை ஏமாற்றியது அந்த ஒரு முறை மட்டும் இல்லை. பின்வந்த ஆண்டுகளில் திட்டுகளுக்குள் தவளை இனங்கள் கூடின, சிறு பாலூட்டிகள் கூடின, வெளிச்சத்தை விரும்பும் வண்ணத்துப்பூச்சிகள் வந்து சேர்ந்தன. தேன்சிட்டுகளைப் போல் பூவில் தேன் குடிக்கும் ஹம்மிங் பறவைகளுக்குப் பெரிய பாதிப்பே தெரியவில்லை. இனப் பட்டியலின் நீளத்தை மட்டும் பார்த்தவருக்கு நிலைமை அவ்வளவு மோசமாகத் தோன்றியிருக்காது. பட்டியலில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

எறும்பு இல்லை, அதனால் பறவையும் இல்லை

அமேசான் காட்டின் தரையில் படையெறும்புகள் லட்சக்கணக்கில் விரிந்து முன்னேறும். அவற்றுக்குப் பயந்து சருகுக்கு அடியிலிருந்து பூச்சிகளும் சிலந்திகளும் சிறு பல்லிகளும் வெளியே ஓடும். அப்படி ஓடிவருவதைப் பிடித்துத் தின்பதையே முழுநேரப் பிழைப்பாகக் கொண்ட பறவைகள் உண்டு. அவை எறும்பைத் தின்பதில்லை, எறும்பு கிளப்பிவிடுவதைத் தின்கின்றன.

ஒரு படையெறும்புக் கூட்டத்துக்குச் சுமார் 30 ஹெக்டேர் வேட்டைப் பரப்பு வேண்டும். கூட்டத்தில் எல்லா நாளும் பெரிய படையெடுப்பு நடக்காது என்பதால், பறவைக்கு ஒரே கூட்டம் போதாது. சுற்றுவட்டாரத்தில் பல கூட்டங்கள் இருந்தாக வேண்டும். ஒரு ஹெக்டேரிலும் பத்து ஹெக்டேரிலும் அதற்கு வழியே இல்லை. எறும்பை நம்பியே வாழும் மூன்று பறவை இனங்களும் இரண்டே ஆண்டுகளுக்குள் அந்தச் சிறு திட்டுகளிலிருந்து காணாமல் போயின. மரங்கள் அப்படியே நின்றன. கூடு கட்ட இடம் இருந்தது. அவற்றைச் சுடவும் யாரும் வரவில்லை. இரையைக் கிளப்பிவிடும் ஒரு துணை போய்விட்டது, அவ்வளவுதான்.

பன்றி புரண்ட குழி

பெக்கரி என்பது காட்டுப்பன்றியைப் போன்ற விலங்கு, கூட்டமாகத் திரியும். ஈர மண்ணில் புரண்டு புரண்டு குழி உண்டாக்கும். மழை பெய்தால் அந்தக் குழிகளில் நீர் தேங்கும். ஓடைகளில்லாத மேட்டுக் காட்டில் சில தவளை இனங்கள் முட்டையிடுவதற்கு நம்பியிருப்பது இந்தக் குழிகளைத்தான். ஓடை நீரில் மீன்கள் முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். பெக்கரிக் குழியில் மீன் கிடையாது.

பெக்கரிக் கூட்டம் ஒன்று மிகப் பெரிய பரப்பில் அலைவது. திட்டுகள் பிரிந்ததும் அவை வருவது நின்றது. குழிகள் தூர்ந்தன, தவளைகள் குறைந்து மறைந்தன. ஒரு தவளையின் தேவையை மட்டும் கணக்கிட்டால் அதற்குச் சில ஹெக்டேர் தாராளம். பெக்கரியையும் சேர்த்துக் கணக்கிட்டால் பல ஆயிரம் ஹெக்டேர் வேண்டும். ஓர் இனத்தைக் காக்க எவ்வளவு இடம் வேண்டும் என்ற கேள்விக்கு அந்த இனத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சாணம் கிடந்தபடி கிடந்தது

இந்த ஆய்வில் என்னை அதிகம் பாதித்த பகுதி சாண வண்டுகளைப் பற்றியது. 1980களின் நடுவில், திட்டுகள் பிரிந்து இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில், ஓர் ஆய்வாளர் சாணத்தையும் அழுகிய இறைச்சியையும் வைத்து வண்டுகளைப் பொறியில் பிடித்தார். முடிவுகள் 1989-ல் வெளியாயின.

தொடர்காட்டோடு ஒப்பிட்டால் திட்டுகளில் வண்டு இனங்கள் குறைவு. இருக்கும் இனங்களிலும் எண்ணிக்கை குறைவு. வண்டுகளின் உடலும் சிறியது, ஏனெனில் பெரிய இனங்கள்தான் முதலில் போயிருந்தன. திட்டுக்கும் தொடர்காட்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர் வெட்டவெளிதான். பறக்கத் தெரிந்த வண்டுகள்தான். ஆனாலும் காட்டு வண்டுகளில் பெரும்பாலானவை வெயில் காயும் அந்தப் புல்வெளிக்குள் நுழையவே இல்லை. வெட்டவெளியில் பிடிபட்டவை பெரும்பாலும் வேறு வகையான வண்டுகள்.

இதோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு பட்டியல் கிடைத்திருக்கும். அவர் அடுத்த அடியும் எடுத்து வைத்தார். குறிப்பிட்ட அளவு சாணத்தை வைத்துவிட்டு அது எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று அளந்தார். ஒரு ஹெக்டேர் திட்டுகளில் சாணம் சிதையும் வேகம் தொடர்காட்டைவிடக் குறைவு. இனம் குறைந்தது, அதோடு வேலையும் குறைந்தது என்று எண்ணோடு காட்டிய ஆரம்பகால அளவீடுகளில் இது ஒன்று.

சாண வண்டு செய்கிற வேலையைச் சற்று விரித்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். ஊளைக் குரங்கோ சிலந்திக் குரங்கோ பழம் தின்று எச்சம் போடுகிறது. வண்டுகள் விரைந்து வந்து அதைப் பிய்த்து, உருட்டி, மண்ணுக்குள் இழுத்துப் புதைக்கின்றன. புதைந்த சாணம் வேருக்கு உரமாகிறது. தோண்டிய மண் இளகி நீர் உள்ளே இறங்குகிறது. சாணத்தில் வளரும் ஈக்களுக்கும் குடற்புழுக்களுக்கும் இடமில்லாமல் போகிறது. எச்சத்தில் இருக்கும் விதைகளும் கூடவே புதைகின்றன. மேலே கிடக்கும் விதையை எலியும் அணிலும் மோப்பம் பிடித்துத் தின்றுவிடும்; சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் விதைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பெரிய உருண்டையைப் பெரிய வண்டுதான் இழுக்கும், பெரிய விதையைப் புதைப்பதும் அதுதான். பெரிய வண்டு போய்ச் சிறிய வண்டு மிஞ்சினால், "வண்டு இருக்கிறது" என்று சொல்லலாம். பெரிய விதைக்கு அதனால் பயனில்லை.

விதைகளின் கதி

2003-ல் வெளியான இன்னோர் ஆய்வு இதே இடத்தில் வண்டுகளையும் விதைகளையும் சேர்த்துப் பார்த்தது. திட்டுகளில் வண்டுகள் குறைந்திருந்தன, அவை புதைத்த விதைகளும் குறைந்திருந்தன.

2007-ல் வெளியான மற்றொன்று இரண்டு மர இனங்களை ஒப்பிட்டது. ஒன்றுக்குப் பெரிய விதை, பாலூட்டிகள்தான் எடுத்துப் போக வேண்டும். மற்றதற்குச் சிறிய விதை, பல பறவைகள் தின்று பரப்பும். பெரிய விதை கொண்ட மரத்தின் விதைப் பரவல் திட்டுகளில் கெட்டுப்போயிருந்தது. சிறிய விதைக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. சிலந்திக் குரங்குகள் சிறு திட்டுகளில் தங்கவே இல்லை, ஊளைக் குரங்குகள் சமாளித்துக்கொண்டன என்பதோடு சேர்த்துப் படித்தால் இது பொருந்திவருகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எல்லாப் பழியையும் இன இழப்பின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஹெலிகோனியா என்னும் காட்டுச் செடியின் விதைகளை ஆய்வாளர் ஒருவர் தாமே திட்டுகளிலும் தொடர்காட்டிலும் ஊன்றிப் பார்த்தார். 1999-ல் வெளியான முடிவின்படி, தொடர்காட்டில் முளைக்கும் வாய்ப்பு திட்டுகளைவிட 3 முதல் 7 மடங்கு அதிகம். இங்கே பரப்பும் விலங்கும் இல்லை, புதைக்கும் வண்டும் இல்லை. மனிதக் கை ஊன்றியும் திட்டுகளில் சரியாக முளைக்கவில்லை. வெட்டவெளியிலிருந்து வீசும் அனல்காற்று, கூடுதல் வெளிச்சம், உலர்ந்த மண், அதிகமாய் உதிர்ந்து குவிந்த சருகு எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆக, ஒரு பக்கம் விதையைப் பரப்புகிறவர்களும் புதைக்கிறவர்களும் போகிறார்கள். இன்னொரு பக்கம் விதை முளைக்கும் தரையே மாறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. களத்தில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது எளிதில்லை.

பெருமரங்கள் சாய்ந்தன

தொடக்கத்தில் ஆய்வின் கவனம் பரப்பின் மேல்தான் இருந்தது. சில ஆண்டுகளில் கவனம் காட்டோரத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அடையாளத் தகடு மாட்டிய மரங்கள் சாகத் தொடங்கியிருந்தன.

திட்டுகளிலும் தொடர்காட்டிலுமாக ஒரு ஹெக்டேர் அளவுள்ள 66 கட்டங்களில் மரங்களைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். 1997-ல் வெளியான கணக்குப்படி, ஓரத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருந்த கட்டங்கள், பிரிந்த முதல் 10 முதல் 17 ஆண்டுகளில் தம் மர எடையில் 36 சதவீதம் வரை இழந்திருந்தன. 2000-ல் இன்னொரு முடிவு வந்தது. ஓரத்திலிருந்து 300 மீட்டருக்குள் 60 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள பெருமரங்கள், உள்காட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் செத்துக்கொண்டிருந்தன. காற்றில் வேரோடு சாய்ந்தவை, நடுவில் முறிந்தவை, வறட்சியில் நின்றபடி காய்ந்தவை, பெருங்கொடிகள் ஏறி மூடியவை என்று பலவகை.

விழுந்த மரத்தின் இடத்தில் ஏதோ ஒன்று முளைக்கத்தான் செய்தது. அது பெரும்பாலும் வேகமாய் வளர்ந்து சீக்கிரம் சாகும் மென்மர இனமும் கொடியும். நூற்றாண்டுகள் நிற்கும் வன்மரம் சேமித்து வைத்த கரியை (கார்பனை) அவற்றால் சேமிக்க முடியாது. விழுந்த மரம் அழுகி, அதில் இருந்த கரி காற்றுக்குப் போகிறது. யாரும் கோடரி வைக்காத மரங்கள் இவை. சட்டப்படி "காக்கப்பட்ட" பாதிக்குள் நின்றவை.

முன்னால் சொன்ன விதைகளோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாகும் பெருமரங்களில் பல, பெரிய விதை கொண்டவை. அவற்றின் விதைகளைச் சுமந்து போகும் குரங்கும் புதைக்கும் வண்டும் ஏற்கெனவே குறைந்துவிட்டன. மரம் சாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதன் கன்று வராமல் போவது பல பத்தாண்டுகளுக்குத் தெரியாது.

எதிர்பாராதது: சுற்றிலும் முளைத்த இளங்காடு

சலுகை குறைந்து பண்ணைகள் கைவிடப்பட்டதும் திட்டுகளைச் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலத்தில் காடு திரும்ப முளைக்கத் தொடங்கியது. திட்டுகளைத் தனித்து வைத்துப் பார்ப்பதற்கென்றே அமைத்த ஆய்வுக்கு இது இடைஞ்சல்தான். ஆனால் ஆய்வின் முக்கியமான பாடங்களில் ஒன்று இதிலிருந்துதான் கிடைத்தது.

வெட்டியபின் தீ வைக்காத இடங்களில் செக்ரோப்பியா மரங்கள் உயர்ந்து, சில ஆண்டுகளிலேயே நிழல் தரும் விதானம் போட்டன. தீ வைத்து மாடு மேய்த்த இடங்களில் விஸ்மியா என்னும் குறுமரம் அடர்ந்து, அதற்குமேல் காடு முன்னேறாமல் நீண்ட காலம் தேங்கியது. பறவைகள் இந்த வித்தியாசத்தை உடனே உணர்ந்தன. செக்ரோப்பியா சூழ்ந்த திட்டுகளுக்கு, பிரிந்து ஏழு முதல் ஒன்பது ஆண்டுகளுக்குள், எறும்பைப் பின்தொடரும் பறவைகளும் பல இனங்கள் கூடி இரை தேடும் கூட்டங்களும் திரும்பி வந்தன. விஸ்மியா சூழ்ந்தவற்றில் அப்படி நடக்கவில்லை. எங்கேயும் திரும்பாதவையும் உண்டு: சருகைக் கிளறிப் பூச்சி தேடும், தரையை விட்டு அதிகம் எழாத பறவைகள்.

அதே திட்டு, அதே பரப்பு, அதே மரங்கள். சுற்றியுள்ள நிலத்தில் தீ வைத்தார்களா இல்லையா என்பதே உள்ளே யார் வாழ்வது என்பதைத் தீர்மானித்தது.

இதன்பின் குழு ஒரு கடினமான முடிவை எடுத்தது. திட்டுகளைச் சுற்றி 100 மீட்டர் அகலத்துக்கு இளங்காட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி வெட்டி, தனிமையைத் தக்கவைப்பது. பிழைத்துவரும் காட்டைத் திரும்ப வெட்டுவது யாருக்கும் உவப்பாக இருந்திருக்காது. வெட்டாமல் விட்டிருந்தால், துண்டான காடு நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்ற கேள்வி பாதியில் நின்றிருக்கும். என் பார்வையில் அது சரியான முடிவு. அதன் விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிடைத்த விடை

பின்னணியில் சொன்ன விவாதம் ஞாபகம் இருக்கும்: ஒரே பெரியதா, பல சிறியவையா? 13 ஆண்டுப் பறவைத் தரவை வைத்து 2003-ல் ஒரு கணக்கு வெளியானது. 100 ஹெக்டேர் திட்டுகூட 15 ஆண்டுகளுக்குள் விதானத்துக்குக் கீழே, தரையை ஒட்டி வாழும் தன் பறவை இனங்களில் பாதியை இழந்துவிடும். இழக்கும் வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டுமென்றால் பரப்பை ஆயிரம் மடங்கு கூட்ட வேண்டும். ஆக, இந்தக் கணக்கு பெரியதன் பக்கம்தான் நிற்கிறது.

நூறு ஹெக்டேர் என்றால் 250 ஏக்கர். உலகின் பல இடங்களில் அதைப் "பெரிய காடு" என்றே சொல்வார்கள். 2015-ல் வெளியான உலகளாவிய கணக்கு ஒன்றின்படி, பூமியில் மிஞ்சியிருக்கும் காட்டில் 70 சதவீதம் ஏதோ ஓர் ஓரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது; 20 சதவீதம் 100 மீட்டருக்குள். மனௌஸ் திட்டுகளில் மர எடை 36 சதவீதம் வரை குறைந்த தூரமும் இதே 100 மீட்டர்தான்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இந்தத் திட்டுகளில் வேட்டை இல்லை, மரக்கடத்தல் இல்லை, உள்ளே தீ பரவவில்லை, பக்கத்திலேயே முழுக்காடு இருந்தது. வேறு இடங்களில் துண்டாகும் காடுகளுக்கு இத்தனை நல்வாய்ப்பு கிடைப்பதில்லை. எனவே இங்கே கண்ட சேதத்தைக் குறைந்தபட்சமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் செய்தால் எதை மாற்றலாம்

முதலில், வேலையையும் முதல் நாளிலிருந்தே அளக்க வேண்டும். முன்கணக்கில் பறவைகளும் மரங்களும் இருந்தன. சாணம் எவ்வளவு வேகமாகச் சிதைகிறது, ஒரு விதை எவ்வளவு தூரம் போகிறது, பூக்களில் எத்தனை காயாகின்றன என்பவை தொடக்கத்தில் அந்த அளவுக்கு இல்லை. அதனால் சாண வண்டு ஆய்வில் திட்டைத் தொடர்காட்டோடுதான் ஒப்பிட முடிந்தது. அதே திட்டின் பழைய நிலையோடு ஒப்பிட வழியில்லாமல் போனது. இப்படிப்பட்ட அளவீடுகளுக்குப் பெரிய செலவும் இல்லை. குறிப்பிட்ட எடைச் சாணமும் ஒரு தராசும் பொறுமையும் இருந்தால் பாதி வேலை முடியும்.

இரண்டாவது, சுற்றியுள்ள நிலத்தையும் திட்டமிட்டிருக்க வேண்டும். எங்கே தீ வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்பது அன்று பண்ணையின் வசதிப்படி நடந்தது. அதையே ஆய்வின் ஒரு கூறாக வைத்திருந்தால் செக்ரோப்பியா, விஸ்மியா வித்தியாசத்தை இன்னும் உறுதியாகச் சொல்லியிருக்கலாம். காடு காக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் இதிலிருந்து நேரடியாக ஒன்று கிடைக்கிறது. திட்டைப் பெரிதாக்க முடியாத இடத்திலும், அதைச் சுற்றித் தீ வைக்காமல் தடுக்கலாம், பக்கத்துக் காட்டோடு இணைய நூறு மீட்டர் இளங்காட்டை வளர விடலாம். சில ஆண்டுகளிலேயே பலன் தெரிகிறது.

மூன்றாவது, 100 ஹெக்டேர் அளவில் இரண்டே திட்டுகள் என்பது மிகக் குறைவு. பெரிய திட்டுகளைப் பற்றிய முடிவுகள் எல்லாம் அந்த இரண்டின் தோளில்தான் நிற்கின்றன. வெட்டுவது பிறர் கையில் இருந்ததால் இதைக் குழுவின் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஓர் ஆய்வைத் தொடங்குகிறவர்கள், அரிதாகக் கிடைக்கும் பெரிய திட்டுகளை முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது.

இப்போதைய நிலை

ஆய்வு நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் தொடர்கிறது. ஒப்பிடுவதற்கு என்று வைத்திருந்த தொடர்காட்டிலிருந்து 2021-ல் ஒரு செய்தி வந்தது. 1980களின் தொடக்கத்தில் வலை கட்டிய காட்டில் 2008 முதல் 2016 வரை மறுபடி வலை கட்டிப் பார்த்தார்கள். யாரும் வெட்டாத, ஓரமே இல்லாத அந்த உள்காட்டிலும் தரையில் பூச்சி தேடும் பறவைகள் குறைந்திருந்தன. திட்டுகளிலிருந்து போய், கடைசிவரை திரும்பாமல் இருந்த அதே வகைப் பறவைகள்.

காரணத்தைத் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. வறண்ட பருவம் முன்பைவிடச் சூடாகிவருவதோடு அதைத் தொடர்புபடுத்தும் முடிவுகள் வந்துள்ளன. இதுவரை எல்லாத் திட்டுகளையும் அளக்கும் அளவுகோலாக இருந்த காடு அது. அளவுகோலே நகர்கிறது என்பது தெரிந்ததும்கூட, 1980களில் வளையமிட்டு எழுதி வைத்த அந்த முதல் கணக்கு கையில் இருந்ததால்தான். அதே இடத்தில், அதே முறையில் வலை கட்டுவது தொடர்கிறது.